நனைந்த பச்சை

தார்ஹெலியாவின் காலுக்கு வெள்ளைக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் புருஷனைக் காணோம் என்பது தெரியவந்தது. இடது கால் ஏறிவிட்டது. வலது கால் விறைத்துப்போய்விட்டதால் காலுறை குதிகாலைத் தாண்ட மறுத்தது. தம்பி நிகானோர் அக்காவின் பாதத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான். அவன் மனைவி சொய்லா காலுறையைச் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றினாள். இத்தனை வருஷம் மலையேறிய பாதம் இவ்வளவு சின்னது என்று நிகானோருக்கு இதுவரை தெரியாது.

"அவரு வந்து மோதிரத்தைக் கழட்டணும். அப்புறம்தான் கையைச் சேத்து ஜெபமாலை சுத்த முடியும்," என்றாள் சொய்லா. "எங்க அவரு?"

முற்றத்தில் இல்லை. குதிரை கட்டின இடத்தில் நின்றது. அடுக்களையில் சோளம் வறுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்:

"விடிஞ்சும் விடியாம பைனாகுலரை மாட்டிக்கிட்டு மேல போனாரு. எங்கய்யா போறீங்கன்னு கேட்டேன். 'இன்னைக்கு முப்பத்தொண்ணு'ன்னாரு. தேதியவா கேட்டேன் நான்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். யாரோ ஒருவர் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொணத்தைக் கெடத்திப்போட்டுட்டு குருவி பாக்கப் போயிருக்கானா?" என்றார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் சிலுவை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசினார்கள்.

நிகானோருக்கு முகம் கொதித்தது. பங்குச் சாமியார் பதினொரு மணிக்கு வருவார். ஒரு மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாணம் வைத்திருக்கிறார், நிற்கமாட்டார். அவன் அக்காவின் பாதத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள் சொய்லா. பிறகு அவன் சட்டையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், "கத்தாதீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது கத்தாம இருங்க," என்றாள்.

வாசலில் விறகுக் கட்டைமேல் ஹிமெனா உட்கார்ந்திருந்தாள். நகரத்துக் காட்டு ஆபீஸ்காரி. ஊரில் அவளை இன்ஜினியரம்மா என்பார்கள். அழுது கண் வீங்கியிருந்தது. நிகானோரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னைக்குப் போயி இதைக் கேக்கக் கூடாதுதான். அக்கா ஏதாவது தாள் வச்சுட்டுப் போயிருக்காங்களா? மத்தியானம் லாரியில நான் கெளம்பணும். சாயங்காலத்துக்குள்ள ஒப்படைக்கணும். இல்லன்னா அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்ல."

"தாளு இல்ல," என்றான் நிகானோர். அப்படிச் சொல்லும்போது மனசின் ஒரு மூலையில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அக்கா உள்ளே கிடக்கும்போது இப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் மலையேறினான்.

விஷயம் இதுதான். மலை உச்சிக் காடு ஊரின் பதினாலு குடும்பத்துக்கும் பொது. அங்கே பூத்தேன் குடிக்கிற ஒரு ரீங்காரச் சிட்டு இருக்கிறது, கட்டைவிரல் நீளம். இரண்டு காலிலும் வெள்ளைப் பஞ்சு உருண்டை வைத்தது மாதிரி மயிர். குதிரை ஏறுகிறவர்கள் காலில் கட்டிக்கொள்கிற ஆட்டுமயிர்ச் சராயை நாங்கள் சமர்ரோ என்போம். அதையே குருவிக்கும் பெயராக வைத்துவிட்டோம். பச்சைச் சமர்ரோ எல்லா மலையிலும் இருக்கிறது. கறுப்புச் சமர்ரோ உலகத்தில் இரண்டு மூன்று மலையில்தான் இருக்கிறதாம், அதில் ஒன்று எங்களுடையது. அது இருப்பதால்தான் அது காப்புக் காடு. ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து ஒரு பதிவும் இல்லையென்றால் காப்பு நீங்கிவிடும், ஊர் தன் இஷ்டம்போல வெட்டிக்கொள்ளலாம். போன வருஷம் பதிவில்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. குருவி வருகிற பூக்காலம் ஆகஸ்டோடு முடிகிறது. இன்று ஆகஸ்ட் முப்பத்தொன்று.

பாதி ஏற்றத்தில் நிகானோரின் ஆறு மாடுகளும் நின்றிருந்தன. புல்லென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. போன குளிரில் இரண்டு கன்று போய்விட்டது. உருளைக்கிழங்குக்காரர் ஒருவர் ஏற்கனவே வந்து காட்டோரம் நடந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வெட்டித் திருத்துவார், இரண்டு போகம் கிழங்கு எடுப்பார், அப்புறம் அந்தச் சரிவு முழுக்க நிகானோருக்குப் புல். பேசி முடித்தாயிற்று. செப்டம்பர் வரவேண்டியதுதான் பாக்கி.

காட்டுக்குள் நுழைந்ததும் பனிமூட்டம் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவனுக்கு அந்த ஊர்க்கூட்டம் ஞாபகம் வந்தது. வராமல் எங்கே போகும்?

ஆண் கறுப்புச் சமர்ரோவைக் குருடன்கூடச் சொல்லிவிடுவான், நெஞ்சு கரி மாதிரி இருக்கும். ஆனால் பச்சைச் சமர்ரோ மழையில் தொப்பலாக நனைந்துவிட்டால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் தார்ஹெலியா அதில்தான் ஏமாந்தாள். மழையோடு மழையாக ஓடிவந்து, கறுப்பு நெஞ்சுக்காரனைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸிலிருந்து ஆள் வந்து கேமரா வைத்து நாலு நாள் உட்கார்ந்தார்கள். அதே கிளை, அதே குருவி. வெயிலில் பச்சை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கக்கா நனைஞ்ச பச்சைக்குக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்டா!" என்றவன் வேறு யாருமில்லை, நிகானோர்தான். கூடம் அதிர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் ஊரில் எவன் எதைத் தப்பாகச் சொன்னாலும் 'நனைஞ்ச பச்சை'தான். கடன் கேட்டு ஏமாந்தவனுக்கும் அதுதான், பெண் பார்க்கப்போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கும் அதுதான்.

தார்ஹெலியாவும் சிரித்தாள், எல்லோரோடும் சேர்ந்து. கூட்டம் முடிந்ததும் பதினாலு குடும்பத்துக் கோப்பைகளையும் ஒருத்தியாகக் கழுவி அடுக்கிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ரொட்டி சுட்டால் தம்பி வீட்டுக்கு அனுப்புவாள், ஆனால் அவன் அடுப்படியில் வந்து உட்காரவில்லை. அவனும் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பாள்.

அந்த மாதமே அவள் ஒரு சட்டம் போட்டாள். குருவியை இரண்டு பேர் பார்க்கவேண்டும். பார்த்ததும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதுகோடு முதுகு திருப்பி உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் எழுதவேண்டும். பிறகு மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவு, இல்லையென்றால் அடுப்புக்கு. ஊர்க்காரர் யாரும் எழுதலாம், ஆனால் எழுதியதெல்லாம் அவளும் புருஷனும்தான். ஆபீஸும் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அவள் கொண்டுபோய்ப் போட்ட தாளில் அடுப்புக்குப் போனதே அதிகம்.

அக்கா புருஷன் எர்மெல் உச்சியில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாலு முழத்தில் குருவி தேனுக்கு வருகிற செடி, மஞ்சள் காம்பில் ஊதாப் பூவாகக் கொட்டிக்கிடந்தது. அவர் திரும்பவில்லை.

"உக்காரு மாப்ள. நின்னா வராது."

"அங்க உங்களுக்காக..." என்று ஆரம்பித்த நிகானோர், தன் குரல் தானாகவே கிசுகிசுப்பாகிவிட்டதை உணர்ந்து எரிச்சலடைந்தான். சின்ன வயதிலிருந்து அக்கா பழக்கிய பழக்கம். அந்தச் செடிக்கு முன்னால் யாருக்கும் சத்தம் வராது. வாழ்க்கையிலேயே பெரிய சண்டையை அவன் கிசுகிசுத்தே போடவேண்டியிருந்தது. "என்ன மச்சான் நீங்க? ஊரே காறித் துப்புது. மோதிரத்தைக் கழட்ட ஆளில்ல. பெட்டியை மூட முடியல. சாமியாரு வந்துட்டுப் போயிருவாரு. அக்காவை அடுத்த வாரமா பொதைக்கப் போறீங்க?"

"வருவேன்."

"எப்ப?"

நிகானோர் உட்காரப் போனான், உட்கார இடமில்லை. பலகையில் இன்னொரு பைனாகுலர் இருந்தது. வாரில் சிவப்புக் கம்பளி பின்னியிருந்தது. அக்காவுடையது. அதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். நிகானோர் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது.

"பத்து நாளா அவ கேட்டுக்கிட்டே இருந்தா," என்றார் எர்மெல், செடியைப் பார்த்தபடியே. "'இன்னைக்குப் போனியா, இன்னைக்குப் போனியா'ன்னு. போனேன்னு சொன்னேன். மூடுபனின்னு சொன்னேன். ஒரு நாளு 'பச்சைதான் வந்துச்சு'ன்னும் சொன்னேன். எங்க போனேன்? அந்தப் பக்கம் வேலியோரம் போயி அரைமணி நின்னுட்டுத் திரும்பி வந்துருவேன். அவளை விட்டுட்டு எப்படி மாப்ள வர்றது? முப்பத்தோரு வருஷத்துல அவகிட்ட நான் சொன்ன பொய்யி அவ்வளவுதான். அதையும் நம்பிக்கிட்டுப் போயிட்டா."

நிகானோர் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒத்த ஆளு எழுதினா செல்லாதே. அவ போட்ட சட்டம்தானே," என்றான்.

"தெரியும்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுல உக்கார முடியல."

பனி கொஞ்சம் விலகியது. வெயில் என்று சொல்லமுடியாது, வெளிச்சம் வந்தது. மழை இல்லை, இலை சொட்டவில்லை. அப்போது அந்த இரைச்சல் கேட்டது. தையல் மிஷினை இரண்டு வீடு தள்ளி யாரோ ஓட்டுகிற மாதிரி. நிகானோரின் கை தானாக பைனாகுலரைத் தூக்கியது.

பச்சை முதுகு. பெட்டை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. காலில் வெள்ளைப் பஞ்சு, இரண்டு பக்கமும் பளிச்சென்று. பெட்டைகளில்தான் சூதே. இரண்டு சமர்ரோவின் பெட்டையும் ஒரே அச்சு. தொண்டையைப் பார்க்கவேண்டும், தொண்டையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. அக்கா சாப்பாட்டு மேசையில் ஆயிரம் தடவை சொன்னது. 'வெறும் பச்சைன்னா விட்டுரு. அலகுக்குக் கீழ நீலம் ஓடினாத்தான்.' அவன் அதை நீலச் சளி என்று கிண்டலடிப்பான். குருவி அடுத்த பூவுக்கு நகர்ந்தது, கழுத்தைத் தூக்கியது. அலகுக்குக் கீழே, பழைய பீங்கான் தட்டின் ஓரத்துக் கோடு மாதிரி, வெளிறிய நீலம்.

நிகானோர் கண்ணை இறுக மூடித் திறந்தான். நீலம்தான். இன்னொரு பூ. அப்போதும் நீலம்தான். பிறகு அது போய்விட்டது.

எர்மெல் ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். இரண்டு தாள் கிழித்தார். ஒன்றையும் ஒரு துண்டுப் பென்சிலையும் நிகானோரின் முழங்கால்மேல் வைத்தார். பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டார். நிகானோரும் திரும்பினான். மச்சானின் முதுகு அவன் முதுகில் பட்டது, கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். பச்சை. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குருவி பார்க்கத் தெரியாதவன், என்னத்தையோ எழுதினான் என்பார்கள், அவ்வளவுதான். நாளைக்குச் செப்டம்பர். ஆறு மாடும் முழங்கால் உயரப் புல்லில் நிற்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் பொய்யில்லை, அவனுக்கு அந்தப் புல் வேண்டும். பென்சிலைத் தாளில் வைத்தான். கூடம் சிரித்தது கேட்டது. சிரித்துக்கொண்டே கோப்பைகளைப் பொறுக்கிய அக்காவின் கை தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: கறுப்புச் சமர்ரோ. பெட்டை. தொண்டையில் நீலம்.

எழுதி முடித்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. போனது போகட்டும் என்று நினைத்தான். மாடுகளுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். அக்காவின் பெட்டிமேல் இந்தத் தாளை வைத்துவிட்டு அப்புறம் இன்ஜினியரம்மாவிடம் கொடுக்கவேண்டும் என்றுகூட நினைத்துவிட்டான். தாளை நீட்டினான். எர்மெல் தன்னுடையதை நீட்டினார்.

அதில் 'தெரியவில்லை' என்று இருந்தது.

நிகானோர் இரண்டு தடவை படித்தான். "என்ன மச்சான் இது?" இந்தத் தடவை குரல் கிசுகிசுப்பாக வரவில்லை. "எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க? கண்ணுக்கு நேரா நின்னுச்சு! தொண்டையைத் தூக்கித் தூக்கிக் காமிச்சுது!"

"வெள்ளைக் காலு தெரிஞ்சுது மாப்ள," என்றார் எர்மெல். "அதுக்கப்புறம் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒண்ணும் தெரியல."

நிகானோர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். காலையில் பிடித்திருந்த பாதத்தின் குளிர்ச்சி இன்னும் அதில் இருந்தது.

"சரி. என் தாளைப் பாத்தீங்கல்ல. மாத்தி எழுதுங்க. இங்க யாரு இருக்கா? யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியுமே."

அதைச் சொல்லும்போது எர்மெலின் முகத்தில் குத்தல் இல்லை. அதுதான் நிகானோருக்குத் தாங்கவில்லை. ஏசியிருக்கலாம். நாலு வருஷத்துக்கு முந்தின கணக்கை இப்போது தீர்த்திருக்கலாம். அந்த மனுஷர் தாளை மடித்து, அடுப்புக்குப் போகவேண்டியதை வைக்கும் பையில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து கோயில் மணிச் சத்தம் வந்தது. அடக்கத்துக்கு முதல் மணி. நேரம் பத்து. இறக்கத்தில் ஓடினால் முப்பது நிமிஷம், விழுந்து எழுந்தால் நாற்பது. எர்மெல் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"வா மாப்ள. போவோம். நீ சொன்ன மாதிரி அவளை அடுத்த வாரமா வைக்க முடியும்?"

நிகானோர் எழுந்திருக்கவில்லை. "இது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும்?"

"எது?"

"பெட்டை."

எர்மெல் அவனைப் பார்த்தார். "இருபது நிமிஷம். அவ கணக்கு."

"போயி பத்து நிமிஷம் ஆச்சு. உக்காருங்க."

"மாப்ள, உன் மாடு..."

"மாட்டை நான் பாத்துக்கறேன். நீங்க குருவியைப் பாருங்க."

கழுத்தில் கட்டியிருந்த பச்சைக் கைக்குட்டையை அவிழ்த்து அவர் மடியில் போட்டான். "தொடைங்க. ஒரு சொட்டு இல்லாம நல்லாத் தொடைங்க. அந்த லென்ஸையும் சேத்துத் தொடைங்க. சாமியாரு கல்யாணத்துக்குக் கொஞ்சம் லேட்டாப் போனா பொண்ணு ஓடிறமாட்டா."

எர்மெல் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். நேற்று மத்தியானம் அக்காவின் மூச்சு நின்றதிலிருந்து யார் கண் முன்னாலும் அழாத மனுஷர், இப்போது பச்சைத் துணிக்குள் சத்தமில்லாமல் அழுதார். அந்தச் செடிக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்பதை அப்போதும் மறக்கவில்லை. நிகானோர் வேறு பக்கம் பார்க்கவில்லை, செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தராவது பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நோட்டிலிருந்து அவனே இரண்டு தாள் கிழித்து, ஒன்றை மச்சான் பக்கமும் ஒன்றைத் தன் பக்கமும் வைத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல் வைத்தான்.

எர்மெல் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் ஈரமில்லை. லென்ஸைத் துடைத்தார். பைனாகுலரைத் தூக்கிப் பூவுக்குக் குறி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் மணி அடித்தது.

இரண்டு பேரும் அசையவில்லை. ஊதாப் பூக்கள் அப்படியே தொங்கின. இரண்டு வீடு தள்ளி யாரோ தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்கள். நிகானோர் சிவப்புக் கம்பளி பின்னிய வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை வைத்தான். செடி தெரிந்தது. பிறகு பூவெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஊதாவாக ஓடியது.

"அந்தத் துணியை இப்படிக் குடுங்க மச்சான்," என்றான், திரும்பாமல் கையை மட்டும் நீட்டி.

எர்மெல் கொடுத்தார். பச்சைத் துணி நனைந்து கறுப்பாக இருந்தது.